இருபதாவது வளைவிலிருந்து

பதினெட்டு வருஷம் ஏற்காடு மலையில் பஸ் ஓட்டினேன்,
ஒரு சிராய்ப்பு இல்லை.
மணிக்கட்டை உடைத்தது
குளியலறையில் ஒரு கை சோப்புத் தண்ணீர்.
டிப்போவில் சிரிக்கிறார்கள்.
அதனால் இப்போதெல்லாம் "விழுந்துட்டேன்" என்பதோடு
நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுப் பிரித்த அன்று
ஊறப்போட்டு யாரோ மறந்துவிட்ட துணி மாதிரி
கிடந்தது இடக்கை.
பெனாசிர் ஒரு கருவியை நீட்டினாள். "அழுத்துங்க சார்."
பல்லையும் சேர்த்துக் கடித்து அழுத்தினேன்.
இருசப்பன், இடது, ஒன்பது என்று எழுதினாள்.
வலது நாற்பத்து மூன்று.
"முப்பது வந்தாத்தான் வண்டியில ஏற கையெழுத்துப் போடுவேன்."
இருபத்தொரு கிலோ.
அரிசி என்றால் தோளில் போட்டு
அன்றைக்கே கொண்டுவந்திருப்பேன்.

அதன்பிறகு வீட்டில் எந்தப் பொருளும்
தன் வேலையை மட்டும் பார்ப்பதில்லை.
சுத்தியலின் பிடி நுனியைப் பற்றி
முழங்கையை விலாவில் ஒட்டி
இந்தப் பக்கம் சாய்க்கிறேன், அந்தப் பக்கம் சாய்க்கிறேன்.
ஆணி தேடி அது அலைவதாகத் தோன்றும்.
பிழிந்த துண்டையே நனைத்து மறுபடி பிழிகிறேன்.
லீ பஜாரில் வாங்கிய ஜவ்வரிசி, அரை வாளி,
மணிக்கட்டு வரை கையைப் புதைத்து
உள்ளேயே விரித்து, மூடி, விரித்து.
"இதுல இனிமே பாயசம் வைக்க மாட்டேன்" என்றாள் ராஜகுமாரி.
தீபாவளிக்கு வைத்தாள்.

ஐந்து விரலையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு.
"இப்ப விரிங்க."
வரவில்லை.
எனக்குப் பிடிக்கத்தான் தெரியும்:
ஸ்டியரிங், கியர், ஹேண்ட் பிரேக்,
ரேஷன் பை, சண்டையில் மச்சானின் சட்டைக் காலர்.
விரிப்பதற்கும் ஒரு தசை உண்டாம், முன்கையின் மேல்பக்கம்.
அவள் தொட்டுக்காட்டிய இடம்
ஐம்பத்தோரு வருஷமாக மாடியில் குடியிருந்தும்
முகம் பார்த்திராத ஆள் போல
மெல்ல அசைந்தது.

உடைந்த துடைப்பக்கட்டையில் கயிறு, கயிற்றில் செங்கல்.
சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றி
அப்பாடா என்று விட்டேன்.
பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.
"ஏத்துறது பாதிதான் சார்.
இறக்குறதுலதான் வலு ஏறும். ஒவ்வொரு சுத்தா விடுங்க."
இதை என்னிடமா சொல்கிறாள்.
ஏறின கியரிலேயே இறங்கணும் என்று
எத்தனை புது ஆட்களைத் திட்டியிருப்பேன்.
நியூட்ரலில் விட்டவர்களின் கதை
எனக்குப் பெயரோடு தெரியும்.
செங்கல்லை செகண்டில் இறக்கினேன்.

மூன்றாம் மாதம் இருபத்தாறு.
அந்த ஞாயிறு, பாஸ் இருந்தும்
டிக்கெட் வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்
டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன்.
மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்.
ஓட்டியது அர்த்தனாரி.
இருபதாவது வளைவில் என் கைகள் மடியிலேயே திரும்பின.
பத்தொன்பதில் அவன் ஒரு நொடி தாமதித்தான், நான் பிரேக்கை மிதித்தேன்.
இனிப் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடி
பயிற்சியைத் தொடங்கினேன்:
உள்ளங்கை மேலே, நாலு எண்ணு,
கீழே, நாலு எண்ணு.

பதினாலோ பதிமூன்றோ,
மேலே பார்த்திருந்த உள்ளங்கையில் சில்லென்று ஏதோ.
ஆரஞ்சு.
பக்கத்து சீட்டு அம்மாள், மடியில் கூடை,
"வாய்விட்டுக் கேட்டாக் குடுக்க மாட்டேனா" என்றாள்.

விளக்கியிருக்கலாம். தட்டு, ஆறு திருகு, முன்கை.
விளக்கவில்லை.
எவ்வளவு இறுக்கினால் நசுங்கும்,
எவ்வளவு தளர்ந்தால் உருண்டு ஓடும்,
வளைவுக்கு வளைவு அது மாறிக்கொண்டே இருந்தது.
பெனாசிரின் கருவியில் அதற்குக் கோடு கிடையாது.

அடிவாரம் வரை இடக்கையிலேயே வந்தது.
அது பிடித்துக்கொள்ள, வலது உரித்தது.
பாதியை அந்த அம்மாளிடம் நீட்டினேன்.
"ஐயோ, எனக்கு வேண்டாம்.
அது புளிக்கும்."